குடிலுக்குள் போகாமலே புத்துயிர்

1938ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மதன் மோகன் மாளவியா அலகாபாத் அருகே ஒரு இருட்டுக் குடிலுக்குள் போய் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. ஒரு துறவியின் மேற்பார்வையில், ஒரு மாதத்துக்கும் மேலாக வெளியுலகைப் பார்க்காமல் காயகல்ப சிகிச்சை எடுத்துக்கொண்டார். நாடே அதைப் பற்றிப் பேசியது. மாளவியா 1946இல் காலமானார். அந்தச் சிகிச்சையால் இளமை திரும்பியதா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓயாமல் ஊர் ஊராக அலைந்த ஒரு பொதுவாழ்க்கைக்காரருக்கு ஒரு மாத ஓய்வு கிடைத்தது என்பது மட்டும் உறுதி.

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி நோய்களில் தொடங்குவதில்லை. முதல் அத்தியாயமே ரசாயனம்தான். ரசாயனம் என்றால் இங்கே உடலையும் மனத்தையும் தளர விடாமல் காக்கும் முறை. அதை இரண்டு வழிகளில் செய்யலாம் என்கிறது அந்நூல். ஒன்று, மாளவியா செய்தது: ஒன்றினுள் ஒன்றாக மூன்று சுற்றுச் சுவர்கள், சிறு சாளரங்கள் கொண்ட குடிலுக்குள் அடைந்திருப்பது. மற்றொன்று வாதாதபிகம்: காற்றிலும் வெயிலிலும் வழக்கம்போல நடமாடிக்கொண்டே செய்வது. முதல் வழி சிறந்தது, ஆனால் அதற்கு ஓய்வும் பணமும் பணியாட்களும் வேண்டும் என்பதை அந்த நூலே ஒப்புக்கொள்கிறது. காலை எட்டு மணிக்குப் பேருந்தைப் பிடிக்கவேண்டிய நமக்கு இரண்டாவது வழிதான். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

இதில் நிறையப் பேர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதல் நாளே கடைக்குப் போய் லேகியம், சூரணம், மாத்திரை என்று ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கி வருகிறார்கள். அழுக்குத் துணியில் சாயம் பிடிக்காது. சுத்தப்படுத்தாத உடலில் ரசாயனமும் அப்படித்தான் என்று வாக்படர் தம் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில் எழுதிவைத்திருக்கிறார். நம் நிலைமைக்கு அதைப் பொருத்திப் பார்த்தால், இரவு ஒரு மணிக்குத் தூங்கி, பசிக்காமல் சாப்பிட்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை மலம் கழிக்கிறவர் எந்த லேகியத்தைத் தின்றாலும் பலன் ஒன்றும் இருக்காது. அதனால் தூக்கம், கழிவு, எண்ணெய், பசி ஆகியவற்றை முதலில் பார்ப்போம். மருந்து கடைசி.

கால்பங்கு கால்பங்காக

எதை மாற்றுவது என்பதற்கு முன்னால் எப்படி மாற்றுவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆயுர்வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த அறிவுரை இதுதான். பழகிப்போன கெட்ட பழக்கத்தை ஒரே நாளில் விடாதே, புதிய நல்ல பழக்கத்தை ஒரே நாளில் முழுதாக ஏற்காதே என்கிறார்கள் சரகரும் வாக்படரும். பழையதில் கால்பங்கைக் குறை, அந்த இடத்தில் புதியதைக் கால்பங்கு வை. உடல் அதை ஏற்க ஓரிரு நாள் கொடு. பிறகு அடுத்த கால்பங்கு. சட்டென்று விட்டால் அதுவே ஒரு நோயாகலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு.

தினமும் நாலு காப்பி குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். அது காஃபீன் விலகலின் விளைவு. அவர் மாலைக் காப்பியை மட்டும் முதலில் விட்டு, அந்த நேரத்தில் சுக்குமல்லிக் காப்பியோ வெந்நீரோ குடிக்கலாம். நாலைந்து நாள் கழித்து அடுத்ததைத் தொடலாம். காலையில் எழுந்ததும் குடிக்கும் முதல் டம்ளரை விட்டே ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதை விட்டுத்தான் ஆரோக்கியம் வரவேண்டும் என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு வராது.

தூக்கத்துக்கும் இதே கணக்குதான். பன்னிரண்டரைக்குப் படுக்கிறவர் நாளையிலிருந்து பத்து மணிக்குப் படுத்தால் இரண்டரை மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பன்னிரண்டேகாலுக்குப் படுக்கட்டும், சில நாள் கழித்துப் பன்னிரண்டுக்கு. விடியலில் எழும் நேரத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் நேரத்தை அது தானாகவே முன்னால் இழுக்கும்.

பிரம்ம முகூர்த்தம் யாருக்கு

அஷ்டாங்க ஹிருதயத்தின் சூத்திரப் பகுதியில் இரண்டாம் அத்தியாயம் தினசரியை, அதாவது அன்றாட நடைமுறை. பிரம்ம முகூர்த்தத்தில் எழவேண்டும் என்று தொடங்குகிறது. சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் நீடிக்கும் பொழுது அது. ஆறு மணிக்கு விடியும் என்றால் நாலு இருபத்துநாலிலிருந்து ஐந்து பன்னிரண்டு வரை. இதைச் சொல்லும் எல்லோரும் அந்தச் சுலோகத்தில் இருக்கும் ஒரு நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்: எழவேண்டியவர் ஆரோக்கியமானவர். காய்ச்சலில் இருப்பவருக்கோ, இரவுப் பணி முடித்து இரண்டு மணிக்கு வீடு திரும்பும் தொழிலாளிக்கோ, கைக்குழந்தைக்காக நாலு முறை எழுந்த தாய்க்கோ இந்த விதி இல்லை. அவர்கள் தூங்கட்டும்.

உணவு, தூக்கம், கட்டுப்பாடான இல்வாழ்க்கை ஆகிய மூன்றும் உடலைத் தாங்கும் தூண்கள் என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை. பகல் தூக்கத்தைப் பொதுவாக அது விரும்புவதில்லை. ஆனால் கோடையில் கூடும் என்கிறது. குழந்தைகள், முதியவர்கள், உடல் மெலிந்தவர்கள், வழிநடந்து களைத்தவர்கள் எந்தப் பருவத்திலும் தூங்கலாம். மதியம் கண்ணைச் சொக்கினால் நாற்காலியில் சாய்ந்தபடி இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள், குற்றமில்லை. சாப்பிட்டவுடன் நீட்டிப் படுத்து இரண்டு மணி நேரம் தூங்குவதைத்தான் தவிர்க்கவேண்டும்.

அடக்கக்கூடாத பதின்மூன்று

உடல் கேட்பதை மறுக்காதே என்று சொல்லி ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள்: சிறுநீர், மலம், அபானவாயு, தும்மல், தாகம், பசி, தூக்கம், இருமல், உழைப்புக்குப் பின் வரும் மூச்சிரைப்பு, கொட்டாவி, கண்ணீர், வாந்தி, விந்து. இவற்றை வேகங்கள் என்பார்கள். வலிந்து அடக்கினாலும் நோய், வலிந்து வரவழைத்தாலும் நோய்.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜவுளிக்கடைப் பெண்களும் பள்ளி ஆசிரியைகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். கழிப்பறை சரியில்லை, அல்லது போக விடமாட்டார்கள் என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறவர்கள். தாகம், சிறுநீர் இரண்டையும் ஒருசேர அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. இவர்களிடம் போய்க் காலையில் செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வதில் என்ன பொருள்? நீங்கள் ஒரு கடையையோ பள்ளியையோ நடத்துகிறவர் என்றால், ஊழியர்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் அங்கே போய்வர ஐந்து நிமிடமும் கொடுங்கள். எந்த யோகா வகுப்பையும்விட அது பெரிய நன்மை.

மலச்சிக்கலில் இருப்பவர் எழுந்ததும் வெதுவெதுப்பான நீர் குடித்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் கழிப்பறைக்குப் போய் உட்காரட்டும். கைப்பேசியை வெளியே வைத்துவிடுங்கள். மேற்கத்திய பாணி கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்வது உதவும். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மலம் போகும் பழக்கம் திடீரென மாறினாலோ கைவைத்தியம் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

எண்ணெய்

அப்யங்கம் என்கிற எண்ணெய்த் தேய்ப்பைத் தினமும் செய்யவேண்டும் என்கிறார் வாக்படர். மூப்பையும் களைப்பையும் வாதத்தையும் போக்கும், தூக்கம் தரும், தோலை உறுதியாக்கும் என்று அதன் பலன்களைச் சொல்லிவிட்டு, உடல் முழுவதும் முடியாவிட்டாலும் தலை, காது, பாதம் மூன்றையும் தவறவிடாதே என்கிறார். நம் வீடுகளில் இது வாரம் இரண்டு நாளாகச் சுருங்கி, அப்புறம் தீபாவளிக்கு ஒரு நாளாகிவிட்டது.

ஒரு ஆளுக்கு ஐம்பது முதல் அறுபது மில்லி நல்லெண்ணெய் போதும். தலைக்குத் தேங்காயெண்ணெய் பழகியவர்கள் அதையே தொடரலாம். கடையில் விற்கும் தன்வந்தரம், க்ஷீரபலா போன்ற தைலங்களுக்குத் தனித்தனிப் பயன் உண்டு. உடம்பில் குறிப்பிட்ட வலியோ தளர்ச்சியோ இருந்தால் வைத்தியர் சொல்லி வாங்குங்கள். சும்மா வாரக் குளியலுக்கு அவை தேவையில்லை. செக்கு எண்ணெயா, ஆலை எண்ணெயா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. சமையலுக்கு நீங்கள் நம்பி ஊற்றும் எண்ணெய் உடம்புக்கும் ஆகும்.

எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் போதிய சூடு ஏறிவிடும். சளி பிடிக்கும் உடம்பு என்றால் நாலு மிளகும் சிறிது சீரகமும் போட்டுப் பொரித்து, ஆறவைத்து வடிகட்டிக்கொள்வது நம் வீட்டு வழக்கம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் சூட்டைத் தாங்களே பார்த்து முடிவு செய்யக்கூடாது; வீட்டில் வேறொருவர் முழங்கையில் தொட்டுப் பார்க்கட்டும்.

உச்சந்தலையில் தொடங்குங்கள். விரல் நுனியால் அழுத்தித் தேய்த்து, நெற்றி, காது மடல், பிடரி என்று இறங்குங்கள். நீள எலும்புகள் உள்ள இடத்தில் மேலும் கீழுமாக நீவ வேண்டும். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் வட்டமாக. வயிற்றில் தொப்புளைச் சுற்றி வலப்பக்கம் மேலேறி இடப்பக்கம் இறங்கும்படி. பெருங்குடல் ஓடும் திசை அதுதான். கடைசியில் உள்ளங்கால். அங்கே அவசரப்படாதீர்கள். மொத்தம் பதினைந்து நிமிடம் தேய்த்து, இருபது நிமிடம் ஊறவிட்டால் போதும். ஒரு மணி நேரம் பிசுக்கோடு திரிய வேண்டியதில்லை.

உடம்புக்கு வெந்நீர், தலைக்கு வெதுவெதுப்பு. தலையில் கொதிக்கும் நீரை ஊற்றினால் முடியும் கண்ணும் வலுவிழக்கும் என்று தினசரியை அத்தியாயம் குறிப்பாகவே சொல்கிறது. தலைக்குச் சீயக்காயோ அரப்போ, உடம்புக்குப் பயத்தமாவு. ஷாம்பு போட்டே ஆகவேண்டும் என்றால் போடுங்கள், ஆயுர்வேதம் கோபித்துக்கொள்ளாது. குளித்த அன்று வெயிலில் அலையாமல், மிளகு ரசமும் சோறுமாக எளிதாகச் சாப்பிட்டு, பகலில் தூங்காமல் இருப்பது நல்லது.

புத்தகங்கள் சொல்லாத சில சங்கதிகள் உண்டு. எண்ணெய்க் காலோடு குளியலறை ஓட்டில் நடப்பது ஆபத்து. வயதானவர்கள் இப்படி வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். தேய்ப்பதையும் ஊறுவதையும் குளியலறைக்கு வெளியே முடித்து, பாதத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போங்கள். மிஞ்சிய எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் துடைத்துவிடுங்கள். அப்படியே கழுவினால் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ளும். துடைக்கும் துண்டைத் தனியாக வைத்து, வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயப்போடுங்கள். எண்ணெய் ஊறிய துண்டுகளை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுச் சூட்டோடு குவித்து வைத்ததால் தீப்பிடித்திருக்கிறது.

செரிக்காமல் வயிறு கனத்திருக்கும்போதும், காய்ச்சல், சளி உள்ளபோதும் எண்ணெய் தேய்க்கக்கூடாது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சிவந்து, வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காதில் சீழ் வடிகிறவர்கள் காதுக்குள் எண்ணெய் விடக்கூடாது. கைக்குழந்தையின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் ஊற்றிச் சுத்தம் செய்யும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். பாட்டி வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள்கூட முடியாதவர்களுக்குப் பாதம் மட்டும். இரவு படுக்கும் முன் காலைக் கழுவித் துடைத்து, அரை தேக்கரண்டி நல்லெண்ணெயை ஒவ்வொரு உள்ளங்காலிலும் ஐந்து நிமிடம் தேய்த்து, பழைய பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் விடவேண்டாம், பூஞ்சை பிடிக்கும். இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யமுடியும், எதைச் செய்வது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பாதி பலம், பாதி வயிறு

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை ஆயுர்வேதம் சொல்வது: உன் வலுவில் பாதி வரைக்கும் செய். நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வியர்த்து, வாயால் மூச்சு விடத் தொடங்கினால் அதுதான் பாதி. அதுவும் உடல்வலு உள்ளவருக்குக் குளிர்காலத்திலும் இளவேனிலிலும். கோடையில் இன்னும் குறைவு. சித்திரை வெயிலில் பத்து மணிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் வாக்படர் பிடித்து உட்கார வைத்திருப்பார்.

உணவுக்கு அவர் தரும் அளவும் இதேபோல எளிது. வயிற்றை நாலு பங்காக வைத்துக்கொள். இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வெறுமனே காற்றுக்கு. முன்பு சாப்பிட்டது செரித்துப் பசி வந்த பிறகே அடுத்த வேளை. ஏப்பத்தில் சாப்பிட்டதன் வாசனை வருகிறதா, உடம்பு கனமாக இருக்கிறதா என்று பார்த்தால் செரித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். காலையில் பசிக்கவில்லை என்றால் முந்தின இரவு அதிகம் என்று பொருள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் பசி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டுவிட வேண்டும்.

இரவில் தயிர் வேண்டாம் என்பது நூல் விதி. தயிர்ச்சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாது என்பவர்கள் நீர்மோராக்கிக் குடிக்கலாம்.

அடக்கவேண்டியவை

உடலின் வேகங்களை அடக்காதே என்று சொன்ன அதே அத்தியாயம் மனத்தின் வேகங்களை அடக்கச் சொல்கிறது: பேராசை, பொறாமை, பகை, காழ்ப்பு. இன்று நாம் நேர்மாறாக இருக்கிறோம். சிறுநீரை மூன்று மணி நேரம் அடக்குகிறோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வரிக்குக் கோபத்தை மூன்று நொடி அடக்க முடியவில்லை.

சரகர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உண்மை பேசுகிற, கோபம் தணிந்த, போதையிலிருந்து விலகிய, தூக்கமும் விழிப்பும் அளவாக உள்ள, பெரியவர்களை மதித்து இனிமையாகப் பேசுகிற மனிதர் எந்த மருந்தும் தின்னாமலே ரசாயனத்தின் பலனைப் பெறுவார் என்கிறார். இதற்கு ஆசார ரசாயனம் என்று பெயர். இது நீதிபோதனை வகுப்பில் சொன்னதல்ல, மருத்துவ நூலில் மருந்துகளுக்கு நடுவே வைத்துச் சொன்னது. நடைமுறைக்கு எளிய வழி ஒன்று: கோபத்தில் எழுதிய எந்தச் செய்தியையும் இரவில் அனுப்பாதீர்கள். எழுதி வையுங்கள், காலையில் காலைக்கடன் முடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றினால் அது எண்ணெய்க் குளியலில் தீராது. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மருந்துக் கடைக்குப் போகும் முன்

இவ்வளவும் ஒழுங்கானபின் ஏதாவது சாப்பிடவேண்டும் என்றால் நெல்லிக்காயிலிருந்து தொடங்குங்கள். வயதைத் தள்ளிப்போடுவதில் முதன்மையானது என்று சரகர் அதைத்தான் சொல்கிறார். தினம் ஒரு பெருநெல்லி, பச்சடியாகவோ சாறாகவோ. உப்பில் ஊறிய ஊறுகாயாக அல்ல. பாலும் நெய்யும் அளவோடு தினமும் உண்பதையும் சிறந்த ரசாயனம் என்கிறார். கொழுப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் நெய்யின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சியவனப்பிராசத்திலும் நெல்லிதான் பிரதானம், கூடவே சர்க்கரையும் நிறைய. கடுக்காய், தான்றிக்காய், நெல்லி சேர்ந்த திரிபலாப் பொடியை இரவில் அரை தேக்கரண்டி வெந்நீரில் குடித்தால் காலையில் வயிறு எளிதாகப் போகும். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம்.

இயற்கை மருந்து, பக்கவிளைவே கிடையாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அஸ்வகந்தாவால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. தைராய்டு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடக்கூடாது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. அதனால் பஸ்பம், செந்தூரம், ரசம் என்று பெயர் முடிகிற எதையும் பட்டம் பெற்ற வைத்தியர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். புட்டியின் மேல் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி, சேர்ந்த பொருள்களின் பட்டியல் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் பெயரில்லாத பொடி எவ்வளவு கைராசிக்காரர் கொடுத்ததாக இருந்தாலும் வேண்டாம்.

ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உங்கள் அலோபதி மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள். அவர் திட்டுவார் என்று பயந்து நிறையப் பேர் சொல்வதில்லை. அடுத்த முறை போகும்போது அந்தப் புட்டியையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.